எடை சொன்ன விண்மீன்

அன்னம் என்று நாம் சொல்லும் சிக்னஸ் விண்மீன் குழுவில், பறவையின் நீண்ட கழுத்தில் ஈட்டா சிக்னி என்றொரு சுமாரான விண்மீன் உண்டு. அதிலிருந்து அரை பாகைக்கும் குறைவான தூரத்தில், முழுநிலவின் அகலத்துக்குள் அடங்கிவிடும் இடைவெளியில், இன்னொன்று இருக்கிறது. அதற்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்: எச்.டி.இ. 226868. ஹென்றி டிரேப்பர் பட்டியலைப் பின்னாளில் நீட்டியபோது சேர்ந்த ஆயிரக்கணக்கானவற்றில் ஒன்று. ஒளிப்பொலிவெண் ஏறக்குறைய 9. வெறுங்கண்ணுக்கு எட்டாது. இருட்டான ஊரில் ஐம்பது மில்லிமீட்டர் பைனாகுலர் இருந்தால் ஒரு புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். இந்தப் புள்ளிதான் கருந்துளை என்பது வெறும் கணக்கல்ல, வானத்தில் நிஜமாகவே இருக்கிறது என்று வானியலாளர்களை நம்பவைத்தது.

எக்ஸ் கதிர்கள் கண்டுபிடித்த கருந்துளை என்றுதான் இதைப் பொதுவாக எழுதுவார்கள். அதில் பாதிதான் உண்மை. அங்கே ஏதோ இருக்கிறது என்று எக்ஸ் கதிர் சொன்னது. அது என்ன, எவ்வளவு கனம் என்று சொன்னதெல்லாம் பக்கத்தில் நின்ற இந்தச் சாதாரண ஒளிப்புள்ளி.

காற்று மண்டலம் எக்ஸ் கதிரைத் தரைக்கு விடாமல் விழுங்கிவிடுகிறது. நம் உயிருக்கு அது நல்லது, வானியலுக்கு இடைஞ்சல். 1962 ஜூன் மாதம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினர் ஒரு சிறு ஏரோபீ ராக்கெட்டை ஏவினார்கள். நிலவின் மேற்பரப்பிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்ப்பது அவர்கள் சொன்ன நோக்கம். ராக்கெட் காற்றுக்கு மேலே இருந்த சில நிமிடங்களில், நிலவை விட்டுவிட்டு விருச்சிகத்தின் பக்கமிருந்து கருவி நிறையக் கதிர் வாங்கிக்கொண்டது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே கண்ட முதல் எக்ஸ் கதிர் மூலம் அது. இதில் தொடங்கிய பணிக்காக ஜியாக்கோனிக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1964-ல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ராக்கெட் ஒன்று அன்னத்தின் திசையில் இன்னொரு மூலத்தைக் கண்டது. சிக்னஸில் முதலாவது என்பதால் சிக்னஸ் எக்ஸ்-1 என்று பெயரிட்டார்கள்.

ஆனால் 'அன்னத்தின் திசையில்' என்றால் எந்த இடம்? அன்றைய கருவிகளுக்குக் கூர்மை கிடையாது. குத்துமதிப்பாக ஒரு கட்டம் போட்டுக் காட்டும். அந்தக் கட்டத்துக்குள் விண்மீன்கள் கும்பலாக இருக்கும். அதுவும் சிக்னஸ் பால்வெளியின் நெரிசலான பகுதி.

நிலைமை மாறியது 1970 டிசம்பர் 12 அன்று. கென்யக் கடலோரத்தில், தண்ணீருக்குள் தூண் நட்டு இத்தாலியர்கள் அமைத்திருந்த சான் மார்கோ மேடையிலிருந்து எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே செய்த முதல் செயற்கைக்கோள் ஏறியது. அன்று கென்யாவின் சுதந்திர நாள் என்பதால் சுவாஹிலி மொழியில் சுதந்திரம் என்று பொருள்படும் 'உஹுரு' என்ற பெயர் அதற்கு வந்தது. ராக்கெட் தந்த சில நிமிடங்களுக்குப் பதில் மாதக்கணக்கில் வானத்தைத் துழாவியது. மொத்தம் 339 மூலங்கள் அதன் கடைசிப் பட்டியலில் இடம்பெற்றன.

உஹுருவின் தரவுகளை வைத்துக்கொண்டு ஜப்பானிய இயற்பியலாளர் மினோரு ஓடாவும் உடனிருந்தவர்களும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். சிக்னஸ் எக்ஸ்-1 துடித்தது. நொடியில் ஒரு சிறு பங்குக்குள் ஏறியது, இறங்கியது. முதலில் சீரான துடிப்போ என்று நினைத்தார்கள். பிறகுதான் ஒழுங்கே இல்லாத படபடப்பு என்று தெரிந்தது. ஒழுங்கு இல்லாவிட்டாலும் அதிலிருந்து ஒரு கணக்குக் கிடைக்கிறது. ஒரு பொருள் முழுவதும் சேர்ந்து நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் மங்க வேண்டுமானால், அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தூரமான 30,000 கிலோமீட்டரைவிட அது பெரிதாக இருக்க முடியாது. விண்மீன் அளவில் இது தூசு. எச்.டி.இ. 226868-இன் குறுக்களவு ஏறக்குறைய மூன்று கோடி கிலோமீட்டர். அப்படியொரு பூதம் நொடிக்குள் படபடக்க வழியே இல்லை.

மூலம் எந்தப் புள்ளி என்பதை முடிவுசெய்தது எக்ஸ் கதிர்கூட அல்ல, வானொலி அலை. 1971-இன் முற்பகுதியில் சிக்னஸ் எக்ஸ்-1-இன் எக்ஸ் கதிர் குணம் திடீரென்று மாறியது. அதே சமயத்தில் அந்தக் கட்டத்துக்குள் அதுவரை இல்லாத ஒரு வானொலி மூலம் முளைத்தது. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க்கிலும் அமெரிக்காவின் கிரீன் பேங்க்கிலும் இருந்த வானொலித் தொலைநோக்கிகள் அதன் இடத்தை நுணுக்கமாகக் குறித்தன. குறித்த இடத்தில் நின்றது எச்.டி.இ. 226868.

இங்கேதான் கதை விண்வெளியிலிருந்து தரைக்கு இறங்குகிறது, அதுவும் வானியலுக்கு ஏற்றவை என்று யாரும் சொல்லமாட்டாத இரண்டு ஊர்களுக்கு. ஒன்று, இங்கிலாந்தின் தென்கோடியில் ஹெர்ஸ்ட்மான்சூ. ஐசக் நியூட்டன் தொலைநோக்கி அன்று அங்கேதான் இருந்தது. கடல்மட்டத்தையொட்டிய, ஈரமும் மேகமும் சூழ்ந்த இடம். தொலைநோக்கியைப் பிற்பாடு ஸ்பெயினின் லா பால்மா தீவு மலைக்குத் தூக்கிக்கொண்டு போனதில் வியப்பில்லை. அங்கே லூயிஸ் வெப்ஸ்டர், பால் மர்டின் இருவரும் இந்த விண்மீனின் நிறமாலையை எடுத்தார்கள். மற்றொன்று கனடாவில் டொராண்டோ நகரின் வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே இருந்த டேவிட் டன்லப் வான் ஆய்வகம். அங்கே டாம் போல்ட்டன் தனியாக அதே வேலையைச் செய்தார்.

வேலை இதுதான். விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஹைட்ரஜன், ஹீலியம் அணுக்கள் உட்கவர்ந்த கோடுகள் கறுப்பாகத் தெரியும். விண்மீன் நம்மை நோக்கி வந்தால் கோடுகள் நீலத்தின் பக்கம் நகரும், விலகினால் சிவப்பின் பக்கம். எச்.டி.இ. 226868-இன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வரை கூடிக் குறைகிறது. இது ஒளியின் வேகத்தில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அதாவது 4,000 ஆங்ஸ்ட்ராமில் இருக்கவேண்டிய கோடு ஒரே ஒரு ஆங்ஸ்ட்ராம் தள்ளிப்போகும். நிறமாலையில் அது மயிரிழை நகர்வு. உச்சமான இரவில்கூட இவ்வளவுதான். மற்ற இரவுகளில் இன்னும் குறைவு. நகர்வை ஒவ்வோர் இரவுக்கும் அளந்து, தேதிக்கு எதிரே புள்ளி வைத்துக்கொண்டே போனால், மேடும் பள்ளமுமாக ஓர் அலை வரும். அலை 5.6 நாளுக்கு ஒருமுறை திரும்பியது.

இரண்டு பிள்ளைகள் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுகிறார்கள். ஒருத்தி மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் எவ்வளவு வேகமாக, எவ்வளவு அகலமாக வீசப்படுகிறாள் என்பதை வைத்து எதிரே பிடித்திருப்பவளின் கனத்தை மதிப்பிடலாம். தெரிகிறவள் கனமானவளாக இருந்தும் அகலமாக வீசப்படுகிறாள் என்றால், எதிரே இருப்பவளும் லேசுப்பட்டவள் இல்லை. எச்.டி.இ. 226868 ஓ வகை மீப்பெரு விண்மீன். அந்த வகை விண்மீன்கள் சூரியனைப்போல் இருபது மடங்குக்கு மேல் நிறை கொண்டவை. அதையே இப்படி ஆட்டிவைக்கும் துணையின் நிறையைக் கணக்கிட்டால், நியூட்ரான் விண்மீன் தாங்கக்கூடிய உச்சவரம்பாகக் கருதப்பட்ட மூன்று சூரிய நிறையைத் தாண்டிப்போனது. அவ்வளவு கனமான துணை சாதாரண விண்மீனாக இருந்தால் அதன் வெளிச்சமும் நிறமாலையில் தெரியவேண்டும். தெரியவில்லை.

வெப்ஸ்டர், மர்டின் கட்டுரை 1972 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது. தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி. கருந்துளை என்ற சொல்லைக் கட்டுரை முடியும் இடத்தில்தான், அதுவும் ஊகம் என்ற எச்சரிக்கையோடு, எழுதினார்கள். போல்ட்டனின் கட்டுரை அடுத்த மாதம் வந்தது. இந்த நிதானத்தை இன்று திரும்பிப் பார்க்கும்போது எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது. ஏனென்றால் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. அது துணையில் இல்லை, கண்ணுக்குத் தெரிந்த விண்மீனிலேயே இருந்தது.

நிறமாலை ஒரு விண்மீனின் மேற்பரப்பு வெப்பத்தையும் அங்கிருக்கும் ஈர்ப்பின் அளவையும் சொல்லும். நிறையை நேராகச் சொல்லாது. இந்த வெப்பத்தில் இப்படித் தெரிவது இவ்வளவு நிறையுள்ள விண்மீனாகத்தான் இருக்கவேண்டும் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். ஒருவேளை அது வேஷக்காரனாக இருந்தால்? 1973-ல் வர்ஜீனியா டிரிம்பிள் உள்ளிட்ட மூவர் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். வெளி அடுக்குகளை இழந்த, நிறை குறைந்த ஒரு விண்மீனும் இதே நிறமாலையைக் காட்டக்கூடும். அப்படியானால் அது நாம் நினைப்பதைவிட அருகில் இருக்கவேண்டும், துணையும் லேசானதாகிவிடும், கருந்துளைக்குத் தேவையே இல்லை.

பதில் தூசியிலிருந்து கிடைத்தது. விண்மீன்களுக்கிடையே மிதக்கும் தூசி நீல ஒளியைச் சிதறடிப்பதால், தூரம் கூடக்கூட விண்மீன்கள் சிவந்து தெரியும். எச்.டி.இ. 226868-ஐச் சுற்றித் தெரியும் மற்ற விண்மீன்கள் எந்தத் தூரத்தில் எவ்வளவு சிவக்கின்றன என்று அளந்து பார்த்தார்கள். நம் விண்மீன் சிவந்திருக்கும் அளவுக்குச் சிவக்க வேண்டுமானால் பல ஆயிரம் ஒளியாண்டு தள்ளி இருந்தாகவேண்டும். அத்தனை தூரத்திலிருந்து இவ்வளவு வெளிச்சம் தருவது நிஜமான பூதம்தான். இந்தத் தூசி அளவீடுகள் செய்திகளில் அடிபடவில்லை. அடிபட்டது ஸ்டீபன் ஹாக்கிங்கும் கிப் தார்னும் 1974-ல் கட்டிய பந்தயம். சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளை இல்லை என்று கட்டிய ஹாக்கிங், 1990-ல் தோல்வியை ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தார். வேடிக்கையான கதைதான். ஆனால் வழக்கை ஜெயித்துக்கொடுத்த சாட்சிகளில் தூசிக்கு உரிய இடத்தை யாரும் தருவதில்லை.

இந்தப் பெரிய விண்மீனே கவனித்துப் பார்க்கவேண்டிய பிறவி. இரண்டின் மையங்களுக்கும் இடையே உள்ள தூரம், புதன் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தைவிடக் குறைவு. துணையின் ஈர்ப்பு இழுப்பதால் விண்மீன் உருண்டையாக இல்லை. முட்டை வடிவில் துணையை நோக்கி நீண்டிருக்கிறது. சுற்றும்போது நமக்குச் சில நாள் முட்டையின் அகலமான பக்கம் தெரியும், சில நாள் குறுகிய பக்கம். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பொலிவு ஏறி இறங்கும். ஏற்ற இறக்கம் நூறில் சில பங்குதான் என்றாலும், சிறு தொலைநோக்கியில் சிசிடி கேமராவைப் பொருத்திப் பொறுமையாக அளக்கும் ஆர்வலரின் கைக்கும் எட்டக்கூடியது.

இத்தகைய விண்மீன்கள் சும்மா இருப்பதில்லை. தம் ஒளியின் அழுத்தத்தாலேயே மேற்பரப்பு வாயுவை நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியே வீசிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் ஒரு பகுதி துணையின் பிடியில் சிக்குகிறது. நேராக விழ முடியாமல் தட்டாகச் சுழன்று, உராய்ந்து, பல லட்சம் பாகைக்குச் சூடேறுகிறது. தட்டின் உள்விளிம்புக்கருகில் இருக்கும் மின்மப் புகைமூட்டத்தின் வெப்பம் நூறு கோடி பாகையைத் தொடும். நாம் காணும் எக்ஸ் கதிர் இங்கிருந்துதான் வருகிறது. கருந்துளைக்குள்ளிருந்து ஒன்றும் வருவதில்லை. தீனி எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்துக் கதிரின் குணமும் மாறும். 1971-ல் நடந்தது அப்படியொரு மாற்றம்.

இந்திய வானியலும் ஆரம்பத்திலேயே இதைத் துரத்தத் தொடங்கியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஹைதராபாத்திலிருந்து பெரிய பலூன்களில் எக்ஸ் கதிர்க் கருவிகளை ஏற்றி அனுப்பினார்கள். 1975 ஏப்ரலில் பறந்த நம் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவிலும் ஒரு எக்ஸ் கதிர்க் கருவி இருந்தது. மின்வழங்கலில் கோளாறு வந்து சோதனைகள் சில நாளில் நின்றுபோனாலும், அதற்குள் சிக்னஸ் எக்ஸ்-1-ஐப் பார்த்துவிட்டது. நாற்பது ஆண்டு கழித்து, 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட்டில் எக்ஸ் கதிர்க் கருவிகளோடு புறஊதாத் தொலைநோக்கியும் இருந்தது. ஒரே மூலத்தை ஒரே நேரத்தில் பல கதிர்களில் பார்க்கும் இந்த ஏற்பாட்டின் அருமை, 1971-இன் வானொலிக் கதையைப் படித்தவர்களுக்குப் புரியும்.

கருந்துளையின் நிறை எவ்வளவு என்ற கேள்விக்கு விடை இன்னமும் விண்மீனைச் சார்ந்தே நிற்கிறது. 2011-ல் அமெரிக்காவில் கண்டம் முழுக்கப் பரவிய வானொலித் தொலைநோக்கி வரிசையைக் கொண்டு, இடமாறு தோற்ற முறையில் தூரத்தை அளந்தார்கள்: சுமார் 6,000 ஒளியாண்டு. அதன்படி கருந்துளையின் நிறை சூரியனைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு. பிறகு ஜேம்ஸ் மில்லர்-ஜோன்ஸ் தலைமையிலான குழு, 5.6 நாள் சுற்று முழுவதையும் தொடர்ந்து பார்த்து, கருந்துளை தன் பாதையில் நகர்வதால் அளவீட்டில் நுழையும் பிழையைக் களைந்தது. 2021-ல் வெளிவந்த விடை: தூரம் 7,200 ஒளியாண்டு, கருந்துளை 21 மடங்கு, விண்மீன் சுமார் 40 மடங்கு. கருந்துளையில் எதுவும் மாறவில்லை. விண்மீன் தள்ளிப்போனதும் அதன் உண்மையான வெளிச்சமும் பருமனும் கூடின. அதைத் தொட்டு எல்லாம் கனத்தன. இவ்வளவு கனமான கருந்துளை உருவாக வேண்டுமானால் அதன் தாய் விண்மீன் வாழ்நாளில் நாம் எண்ணியதைவிடக் குறைவாகவே காற்றாக இழந்திருக்க வேண்டும் என்று, பெருநிறை விண்மீன்களின் காற்றுக் கணக்கையே திருத்தும் பேச்சு எழுந்தது.

டிரிம்பிள் பயந்த வேஷக்காரர்கள் சிக்னஸில் இல்லாவிட்டாலும் வேறிடங்களில் உண்டு. வேஷம் எளிதில் பலிப்பது 'பிஇ' வகை விண்மீன்கள் இருக்கும் இடத்தில். கலைந்துவிடுமோ என்னும் வேகத்தில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, நடுக்கோட்டிலிருந்து வாயுவை உதறி, தன்னைச் சுற்றித் தட்டு போட்டுக்கொள்ளும் கூட்டம் இது. தட்டிலுள்ள ஹைட்ரஜன், கறுப்பாக இருக்கவேண்டிய கோட்டைப் பிரகாசமாக்கிவிடும். 1866-ல் ரோமில் ஆஞ்சலோ செக்கி பாதிரியார் காசியோப்பியாவின் நடுவிலுள்ள காமா விண்மீனில் இதை முதன்முதலாகக் கண்டார். (அப்பல்லோ விண்வெளி வீரர்கள் வழிகாட்டியாகப் பயன்படுத்திய விண்மீன்களில் இதுவும் ஒன்று. கஸ் கிரிஸம் தன் நடுப்பெயரான இவானைத் திருப்பிப் போட்டு 'நாவி' என்று குறும்பாகப் பெயர் வைத்துவிட்டார்.) தட்டு வரும், சில ஆண்டுகளில் கலையும், மறுபடி வரும். திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வான் ஆய்வகத்தில் இவற்றின் நிறமாலைகளை நெடுங்காலமாக எடுத்துவருகிறார்கள்.

வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரியும் இந்தக் காமா காசியோப்பியா, எக்ஸ் கதிர் மூலம் என்று 1976-ல் தெரியவந்தது. பத்துக் கோடி பாகைக்கு மேற்பட்ட வாயுவிலிருந்து வரும் கதிர். தனியாக நிற்கும் பெருநிறை விண்மீனுக்கு அது மிக அதிகம். நியூட்ரான் விண்மீன் துணைக்கு இருந்தால் வரவேண்டியதற்கு மிகக் குறைவு. 203 நாளுக்கொருமுறை அதைச் சுற்றும், சூரியனளவு நிறையுள்ள துணை ஒன்று உண்டு. அது வெண்குள்ள விண்மீன், வாயு அதன்மேல் விழுவதால்தான் கதிர் என்றது ஒரு தரப்பு. விண்மீனின் காந்தப்புலமும் தட்டும் மோதுவதால் என்றது மறுதரப்பு. பல பத்தாண்டு ஓடியது இந்த வாதம்.

2019 நவம்பரில் சீனாவின் லாமோஸ்ட் தொலைநோக்கித் தரவைக் கொண்டு, எல்பி-1 என்ற இரட்டையில் சூரியனைப்போல் 70 மடங்கு நிறையுள்ள கருந்துளை இருப்பதாக 'நேச்சர்' கட்டுரை ஒன்று அறிவித்தது. எக்ஸ் கதிர் வரவில்லை. விண்மீன் ஆடுகிறது, அகலமான ஒரு ஹைட்ரஜன் உமிழ் கோடு மட்டும் எதிர்த்திசையில் மிக லேசாக ஆடுகிறது. அது கருந்துளையைச் சுற்றிய தட்டு, லேசாக ஆடுவதால் மிகக் கனமானது என்பது வாதம். சில வாரங்களிலேயே கரீம் எல்-பத்ரி உள்ளிட்டோர் முடிச்சை அவிழ்த்தார்கள். உமிழ் கோட்டின்மேல், விண்மீனின் சொந்த உட்கவர் கோடு படிந்து இடமும் வலமுமாகப் போய்வந்துகொண்டிருந்தது. அது ஒரு பக்கம் அரித்தால் உமிழ் கோடு மறுபக்கம் சாய்ந்ததுபோல் தெரியும். அரிப்பைக் கழித்துவிட்டால், அந்த லேசான ஆட்டத்துக்குச் சான்றே இல்லை. ஆடும் விண்மீன் வெளி அடுக்குகளைப் பறிகொடுத்து உப்பியிருக்கும் லேசான விண்மீன், எதிரே இருப்பது தட்டோடு கூடிய பிஇ விண்மீன் என்பதே பிறகு பொருந்திவந்த விளக்கம். 2020-ல் பூமிக்கு மிக அருகிலுள்ள கருந்துளை என்று கொண்டாடப்பட்ட எச்.ஆர். 6819-ம் இதே ஜோடிதான் என்று 2022-ல் சிலியிலுள்ள பெரிய தொலைநோக்கிகள் இரண்டு விண்மீன்களையும் தனித்தனியாகக் காட்டி முடித்துவைத்தன.

அதே 2022-ல் எல்-பத்ரி தானே ஒரு கருந்துளையோடு வந்தார். ஐரோப்பாவின் கையா செயற்கைக்கோள் விண்மீன்களின் இடத்தை ஆண்டுக்கணக்கில் நுணுக்கமாக அளந்துகொண்டிருந்தது. அந்தத் தரவில், சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் 186 நாளுக்கு ஒருமுறை வெற்றிடம்போல் தெரியும் ஒன்றைச் சுற்றுவதை அவர் குழு கண்டது. இம்முறை தெரிகிற விண்மீன் நமக்கு மிகவும் பழகிய வகை; வேஷம் போட வாய்ப்பில்லை. இருந்தும் கையாவின் அளவை மட்டும் நம்பாமல் தரையிலிருந்து நிறமாலைகளை எடுத்து, வெப்ஸ்டரும் மர்டினும் செய்ததுபோல் கோடுகளின் நகர்வை அளந்து சரிபார்த்தார்கள். துணையின் நிறை சூரியனைப்போல் பத்து மடங்கு, தூரம் சுமார் 1,560 ஒளியாண்டு. அந்த விண்மீனிடம் வீசுவதற்குக் காற்று அதிகம் இல்லை, இருவருக்கும் இடையே தூரமும் அதிகம். அதனால் தீனியில்லாத கருந்துளையிலிருந்து எக்ஸ் கதிரும் இல்லை. 2024-ல் கையா தரவிலேயே சூரியனைப்போல் 33 மடங்கு நிறையுள்ள இன்னொன்று கழுகு விண்மீன் குழுவில் கிடைத்தது. அதைக் கண்டதும் பக்கத்து விண்மீனின் ஆட்டத்தை வைத்துத்தான்.